தீபாவளி முடிந்த வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஐப்பசியிலும், தீபாவளி முடிந்த கையோடு இதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டுவைத்து, பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறோம். இதில் சொல்லும் பொருள்கள் எல்லாம் மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைப்பவைதாம்.

தீபாவளிக்கு முன்னாடிதான் வீட்டையே புரட்டிப் போட்டுக் கழுவினோம். முடிஞ்சப்புறம் மறுபடியும் முழுசா சுத்தம் பண்ணணுமா?

வேண்டாம். ஒட்டடை, பரண், அலமாரி, திரைச்சீலை எதையும் இப்போது தொடாதீர்கள். தைப் பொங்கலுக்கு முன் போகி வருகிறது. அவற்றுக்கு அது போதும். பண்டிகை அழுக்காக்கியது வாசல், மொட்டை மாடி, அடுப்படி, பூஜை அறை ஆகிய நான்கு இடங்களை மட்டுமே.

அந்த நான்கிலும் எதை முதலில் செய்வது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. விட்டுவைத்தால் எது இன்னும் கெடும் என்று பாருங்கள். மழையில் நனைந்தால் கெடுவது வாசல் குப்பை. அது முதல் நாள். எறும்பும் கரப்பானும் தேடி வருவது எண்ணெயும் பட்சணமும். அது இரண்டாம் நாள். குத்துவிளக்கும் துணியும் ஒரு வாரம் வரை காத்திருக்கும். அட்டைப் பெட்டிகள் நனையாமல் ஒரு மூலையில் இருந்தால் ஒரு மாதம்கூடக் காத்திருக்கும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்ளத் தேவையே இல்லை.

வாசல் குப்பையை ராத்திரியே கூட்டணுமா? காலையில கூட்டினா ஆகாதா?

மழை வராது என்றால் விடியற்காலை போதும். ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அப்படி நம்பியிருக்க முடியாது. சரவெடியின் சிவப்புத் தாள் காய்ந்திருக்கும்போது இரண்டு இழுப்பில் வந்துவிடும். நனைந்தால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், சாயமும் இறங்கும். அடித்துப் பெய்தால் மொத்தமும் மழைநீர் வடிகாலுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். தெருவில் தண்ணீர் தேங்குவதற்கு அந்த அடைப்பும் ஒரு காரணம்.

இரவே கூட்டுவதாக இருந்தால், கடைசி வெடி வெடித்து அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். சூடு அடங்காத தாளைக் குவித்தால் குவியலின் நடுவில் கனன்றுகொண்டே இருக்கும். தென்னந்துடைப்பத்தால் காய்ந்தபடியே கூட்டி முறத்தில் அள்ளுங்கள். குழாயைத் திறந்து தெருவுக்குக் கழுவித் தள்ளுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி.

பட்டாசுத் தாள் வெறும் காகிதம்தானே, உரக்குழியில போடலாமா? கொளுத்திட்டா வேலை முடிஞ்சிடுமே?

இரண்டுமே கூடாது. அந்தத் தாளில் கந்தகம், வெடியுப்பு, அலுமினியத் தூள் எல்லாம் படிந்திருக்கின்றன. பட்டாசில் சேர்த்துவந்த பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை செய்தது. புகை குறைவாக வரும்படி செய்த பசுமைப் பட்டாசு என்றாலும் மற்ற ரசாயனங்கள் இல்லாமல் போவதில்லை. கீரைப் பாத்தியில் போடும் உரத்துக்கு இது ஆகாது. கொளுத்தினால் வெடிக்காமல் கிடக்கும் ஒன்றிரண்டு வெடிகள் முகத்துக்கு நேரே வெடிக்கும். தெருவில் குப்பையை எரிப்பதைத் திடக்கழிவு விதிகளே தடுக்கின்றன.

தனிச் சாக்கில் கட்டி, வீட்டுக் குப்பையோடு கலக்காமல், தூய்மைப் பணியாளரிடம் “இது பட்டாசுக் குப்பை” என்று சொல்லிக் கொடுங்கள். சென்னை மாநகராட்சி இதைத் தனியாகச் சேகரித்து, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்புகிறது. ஈரக் குப்பையோடு சேர்த்துக் கட்டினால் அவர்கள் வெறுங்கையால் பிரிக்க நேரும். தீபாவளிக்கு மறுநாள் அவர்களுக்கு ஏற்கெனவே ஆண்டிலேயே அதிகச் சுமை.

மத்தாப்புக் கம்பி ஒண்ணு ரெண்டு எப்பவும் தப்பிடுது. அப்புறம் காலைக் குத்துது. என்ன பண்றது?

கம்பி மத்தாப்பின் கம்பி இரும்பு, காந்தத்தில் ஒட்டும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு துணிப்பையில் போட்டு, கயிறு கட்டித் தரையை ஒட்டி இழுத்துப் போங்கள். மண் வாசலிலும் புல்லிலும் மறைந்து கிடப்பவை பைக்கு வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும். காந்தத்தைப் பையிலிருந்து எடுத்தால் கம்பிகள் தாமாகவே உதிரும். செருப்புப் போட்ட பிள்ளைகள் சந்தோஷமாகச் செய்யும் வேலை இது.

அடுத்த முறை, மத்தாப்பு கொளுத்தும் இடத்தில் முன்னதாகவே ஒரு வாளியில் பாதி அளவு மணல் வைத்துவிடுங்கள். எரிந்த கம்பி ஒவ்வொன்றும் நேராக அதில் போகட்டும். சேர்ந்த கம்பியைக் காயலான் கடையில் போடலாம். தெருவில் விட்டால் மிதிபடுவது மட்டுமல்ல, மாடுகளும் தாளோடு சேர்த்து விழுங்கிவிடும்.

புஸ்வாணக் கூடு, அகல் விளக்கு எல்லாம் மாடியில கெடக்கு. அடுத்த வாரம் பாத்துக்கலாமா?

இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். அகலில் தேங்கும் ஒரு கரண்டி மழைத் தண்ணீர் போதும், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் ஆகும். அடுத்த வாரம் என்பது சரியாக அந்தக் கணக்குதான். கழுவ நேரமில்லை என்றால் விளக்குகளைக் கவிழ்த்தாவது வைத்துவிட்டு இறங்குங்கள்.

முறுக்கு, அதிரசம் சுட்ட எண்ணெய் ஒரு லிட்டருக்கு மேல மிச்சம். கீழ ஊத்தவும் மனசில்ல, மறுபடி பொரிக்கவும் பயமா இருக்கு.

இரண்டு தயக்கமும் நியாயமானவை. முதலில் நன்றாக ஆற விட்டு, அடியில் கரிந்த மாவுத் துகள் வராமல், இரண்டாக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். எண்ணெயைச் சீக்கிரம் கெடுப்பது அந்தத் துகள்தான். வடிகட்டியதை முகர்ந்து பாருங்கள். காறல் வாடை இல்லை, நிறம் லேசாகத்தான் மாறியிருக்கிறது என்றால் மூடி வைத்து, சில நாளுக்குள் தாளிப்புக்கும் வதக்கலுக்கும் தீர்த்துவிடுங்கள். புது எண்ணெயோடு கலக்காதீர்கள்; கலந்தால் நல்லதும் சேர்ந்து கெடும்.

கறுத்து, பிசுபிசுத்து, சூடேறும்போதே நுரைத்துப் புகைந்தால் அது சமையலுக்கு முடிந்துவிட்டது. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது சேரும் கேடான பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. வீட்டில் அதை அளக்க முடியாது. நுரையும் புகையும் வாடையும்தான் நமக்கு அளவுகோல்.

கெட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் குழாயின் உள்சுவரில் படிந்து, வனஸ்பதியும் நெய்யும் சேர்ந்தால் உறைந்து அடைக்கும். வெந்நீர் ஊற்றினால் அடைப்பு இரண்டடி தள்ளிப் போகுமே தவிரக் கரையாது. செப்டிக் டேங்கில் ஆடையாக மிதக்கும். கால் லிட்டர் அளவு என்றால் மரத்தூளிலோ தென்னை நார்க்கழிவிலோ ஊற்றி, சொட்டாத அளவுக்கு உறிஞ்ச விட்டுக் குப்பையில் சேருங்கள். அதிகம் இருந்தால் பாட்டிலில் மூடி வையுங்கள். பயன்படுத்திய எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்குபவர்கள் இருக்கிறார்கள். ஒரு வீட்டு எண்ணெய்க்காக வர மாட்டார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டு எண்ணெயும் ஒரே கேனில் சேர்ந்தால் வர வாய்ப்பு உண்டு.

மண்வெட்டி, அரிவாளுக்குத் துரு பிடிக்காமல் தடவலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சூரியகாந்தி எண்ணெய் காய்ந்தால் பசை போலாகித் தூசியைப் பிடிக்கும். அதற்குத் தேங்காய் எண்ணெய்தான் சரி.

எண்ணெய்ப் பாத்திரம் தேய்ச்சே கை ஓஞ்சு போச்சு. முறுக்கு அச்சுல வேற மாவு இறுகிப்போச்சு.

எண்ணெய்ப் பாத்திரத்தில் நேராகத் தண்ணீரும் சோப்பும் போடுவதால்தான் இவ்வளவு வேலை. முதலில் பழைய செய்தித்தாளால் வழித்துவிடுங்கள். பிறகு ஒரு கைப்பிடி கடலை மாவையோ சலித்து மிஞ்சிய கப்பியையோ தூவித் தேங்காய் நாரால் உலர்வாகத் தேய்த்தால், எண்ணெயை மாவு இழுத்துக்கொண்டு உருண்டு வரும். அதைத் தட்டிவிட்டு வெந்நீரில் அலசினால் சோப்பு கொஞ்சம் போதும். இரும்பு வாணலிக்கு சோப்பே வேண்டாம்.

அச்சுத் தட்டை 10 நிமிடம் தண்ணீரில் ஊற வைத்து, தென்னை ஈர்க்குச்சியால் பின்பக்கமிருந்து முன்பக்கமாகக் குத்துங்கள். ஊசியோ ஆணியோ கொண்டு குத்தினால் ஓட்டையின் விளிம்பு கீறிப்போய், அடுத்த முறை முறுக்குப் பிசிறடிக்கும். மர அச்சை ஊற வைக்கக் கூடாது, வெடித்துவிடும். ஈரத் துணியால் துடைத்துக் காற்றாட வையுங்கள். மழைக்காலத்தில் ஈரத்தோடு பெட்டியில் போட்டால் பூசணம் பிடிக்கும்.

அடுப்புக்குப் பின்னாடி டைல்ஸ்ல எண்ணெய்ப் பிசுக்கு. கடையில விக்கிற ஸ்பிரே இல்லாம போகுமா?

போகும். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, துணியை நனைத்து டைல்ஸ் மேல் ஒட்டினாற்போல் 10 நிமிடம் விட்டுத் துடைத்தெடுங்கள். இது சமையலுக்குப் போடும் ஆப்பச் சோடா அல்ல, துணிக்குப் போடுவது. கையை அரிக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அலுமினியத்தில் படக் கூடாது, கறுத்துப்போகும். பல வீடுகளில் சிம்னியின் வலை அலுமினியம்தான். அதற்குப் பாத்திர சோப்பும் வெந்நீரும் மட்டும். பித்தளை பர்னரைக் கழுவினால் ஓட்டைகளில் சொட்டு ஈரமும் இல்லாமல் காய வைத்துப் பொருத்துங்கள். இல்லாவிட்டால் சுடர் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடிக்கும்.

அகல் வெச்ச எடமெல்லாம் தரையில எண்ணெய் வட்டம். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சா போகும்னாங்க, தேய்ச்சா தரை வெளுத்துப் போச்சு!

இது அடிக்கடி நடக்கிறது. மொசைக் தரையில் இருப்பது பளிங்குச் சில்லும் சிமென்ட்டும். எலுமிச்சை, வினிகர், புளி எல்லாம் அமிலம். அவை சுண்ணாம்புச் சத்து உள்ள கல்லைக் கரைக்கும். எண்ணெய்க் கறை அப்படியே இருக்க, மேலே இருந்த மெருகு போயிருக்கிறது. பளிங்கு, கடப்பா, சிமென்ட், சிவப்பு ஆக்ஸைடு தரைகளுக்கும் இதே கதிதான். வெளுத்த இடம் கழுவினால் திரும்பாது; பாலிஷ் போட்டால்தான் சரியாகும். விட்ரிஃபைடு டைல்ஸ் அமிலத்தைத் தாங்கும்.

எண்ணெய்க் கறையைக் கரைப்பதற்கு முன் உறிஞ்ச வேண்டும். சலித்த சாம்பல், சாக்பீஸ் தூள், முகத்துக்குப் போடும் பவுடர், இவற்றில் எது இருந்தாலும் வட்டத்தின் மேல் கால் அங்குலக் கனத்துக்குப் பரப்பி, அதன் மேல் செய்தித்தாளைப் போட்டு ஒரு கல்லை வைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் தூள் எண்ணெய் குடித்து நிறம் மாறிக் கட்டி கட்டியாக இருக்கும். கூட்டி எடுத்துவிட்டுப் பூந்திக்கொட்டைத் தண்ணீரால் தேயுங்கள். அரிசி மாவும் உறிஞ்சும், ஆனால் விடிவதற்குள் எறும்பு வரிசை கட்டிவிடும்.

பூந்திக்கொட்டைத் தண்ணீர் தயாரிக்க, கொட்டை நீக்கிய 15 காய்களை அரை லிட்டர் தண்ணீரில் இரவு ஊற வைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்க விட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டுங்கள். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். சிமென்ட் தரையில் உறிஞ்சும் வேலையை இரண்டு மூன்று இரவு திரும்பச் செய்ய நேரலாம். அதற்குப் பிறகும் லேசான கருமை நின்றால் விட்டுவிடுங்கள், நடக்க நடக்கத் தேய்ந்துவிடும்.

வினிகரையும் ஆப்பச் சோடாவையும் கலந்தா பொங்குதே, அது நல்லா சுத்தம் பண்ணும்தானே?

பொங்குவது கரியமில வாயு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். தனித்தனியே இரண்டும் வேலை செய்யும். கலந்தால் இரண்டும் வீண்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் வினிகர், எலுமிச்சை, கழிவறை ஆசிட் எதையும் ஊற்றக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். கதவு மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ச்சும் பிசுக்கு போகல. ஏன்?

புளியின் அமிலம் பித்தளையின் கறுப்பை எடுக்கும்; எண்ணெயை எடுக்காது. காய்ந்து இறுகிய நல்லெண்ணெய் ஒரு தோல் மாதிரி மேலே படிந்திருப்பதால் புளி உலோகத்தைத் தொடவே முடிவதில்லை. விளக்கைத் திருகிப் பிரித்து, ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கணக்கில் 20 நிமிடம் ஊற வையுங்கள். திரி வைக்கும் மூக்கைப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். எண்ணெய் போன பிறகு எலுமிச்சை அளவு புளியைக் கரைத்துக் கொஞ்சம் உப்புச் சேர்த்துத் தேய்த்தால் நொடியில் பளிச்சிடும். உடனே அலசி, துடைத்து, திருகின் உள்பக்கமும் காய்ந்த பிறகே பூட்டுங்கள். அங்கே தங்கும் புளிதான் பச்சைக் களிம்பாகிறது. வார்னிஷ் பூசிய விளக்குக்கும் முலாம் பூசியதற்கும் சோடாவும் வேண்டாம், புளியும் வேண்டாம்.

ஆனால் இதை இப்போதே செய்தாக வேண்டுமா என்று காலண்டரைப் பாருங்கள். கார்த்திகை தீபம் 2023-இல் தீபாவளி முடிந்து 14 நாளிலேயே வந்தது. 2024-இல் 43 நாள் கழித்து வந்தது. இரண்டு வாரத்தில் வருகிறது என்றால் எண்ணெயை மட்டும் துடைத்து வையுங்கள், தேய்ப்பதெல்லாம் அதற்கு முதல் நாள் ஒரே தடவையாகப் போதும்.

அப்ப அகல் விளக்கையும் வெச்சுக்கலாமா, புதுசு வாங்கணுமா?

ஒரு முறை ஏற்றிய அகலைத் தூக்கிப் போடக் காரணம் இல்லை. எண்ணெய் ஊறிய அகல் அடுத்த முறை குறைவாகவே எண்ணெய் குடிக்கும். செய்தித்தாளால் துடைத்து, அட்டைப் பெட்டியில் தாள் இடையிட்டு அடுக்குங்கள். சோப்பில் ஊற வைக்காதீர்கள், சுட்ட மண் அந்த வாடையைப் பிடித்துக்கொள்ளும். புது அகல் வாங்கினால் சில மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்துக் காய வைத்து ஏற்றுங்கள், கீழே ஒரு தட்டோ வாழையிலைத் துண்டோ வையுங்கள். மேலே சொன்ன எண்ணெய் வட்டமே வராது. உடைந்த அகல் பூந்தொட்டியின் அடி ஓட்டையை மறைக்க உதவும்.

ஸ்வீட் பெட்டி மலை மாதிரி குவிஞ்சிருக்கு. எது பேப்பர் கடைக்குப் போகும்?

எண்ணெய் படாத அட்டை பழைய பேப்பர் கடைக்குப் போகும். நெய் ஊறிய அட்டையை எடுக்க மாட்டார்கள். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இல்லை என்றால் கிழித்து உரத்தொட்டியில் போடலாம். ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள், மெல்லிய படலம் நூல் போல இழுபட்டு வந்தால் அது பிளாஸ்டிக். பரிசு சுற்றிய தாளைக் கையில் கசக்குங்கள். கசங்கியபடியே இருந்தால் காகிதம், விரிந்து நிமிர்ந்தால் பிளாஸ்டிக். ஜிகினாத் தாளை யாரும் வாங்க மாட்டார்கள், அது உலர் குப்பைதான். முக்கோணத்துக்குள் 5 என்று எண் போட்ட கெட்டி டப்பாவைக் கழுவிப் பருப்பு போட்டு வைக்கலாம். 1 போட்டதில் சூடானது எதையும் வைக்க வேண்டாம்.

மிஞ்சின பட்சணத்தை எத்தனை நாள் வெச்சிருக்கலாம்? உரத்தொட்டியில போடலாமா?

பால் இனிப்பும் தேங்காய் பர்ஃபியும் முதலில் தீர வேண்டியவை, இரண்டு மூன்று நாள்தான். கொடுப்பதாக இருந்தால் இவற்றை மறுநாளே கொடுங்கள். கெடப்போகும் நாளில் கொடுப்பது கொடுப்பதாகாது. முறுக்கு, சீடை வகைகள் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும், காறல் வாடை வந்தால் முடிந்தது. லேகியத்தில் ஈரக் கரண்டி படாதவரை அது வாரக்கணக்கில் இருக்கும்.

உரத்தொட்டியில் எண்ணெய்ப் பண்டம் ஒரு கைப்பிடிக்கு மேல் போடாதீர்கள். காற்றோட்டத்தை அடைத்து நாறும், எலியும் வரும். நொறுக்கி, இரண்டு பங்கு காய்ந்த இலையோ நார்க்கழிவோ கலந்து நடுவில் புதையுங்கள். மாலை, மாவிலைத் தோரணம் தாராளமாகப் போகலாம். நூலை மட்டும் உருவிவிடுங்கள், இப்போது பெரும்பாலும் பாலியஸ்டர் நூல்தான் வருகிறது.

புதுத் துணியில வெச்ச மஞ்சள், சோப்பு போட்டதும் சிவப்பாயிடுச்சு. துணி போச்சா?

போகவில்லை. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். பிறகு வெயிலில் உலர்த்துங்கள், மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானே அழியும். மழை மூட்டமாக இருந்தாலும் பகல் வெளிச்சத்தில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் மங்கிவிடும். பிளீச் எதுவும் தேவையில்லை.

பட்டுப் புடவையை ஒருமுறை கட்டியதற்காகத் துவைக்காதீர்கள். நிழலில் அரை நாள் காற்றாட விட்டு, பழைய மடிப்புக்கு மாற்றி மடித்து, வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, இரண்டு துண்டு வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் வையுங்கள். வசம்பு ஜரிகையைத் தொட வேண்டாம்.

நல்லா இருக்கிற பட்டாசும் மிச்சம், நமுத்துப் போனதும் மிச்சம். நமுத்ததை வெயில்ல காய வெச்சா வெடிக்குமா?

காய வைக்கவே கூடாது. வெயிலிலோ அடுப்புக்குப் பக்கத்திலோ உலர்த்தும்போது நேரும் விபத்துகள் ஆண்டுதோறும் செய்தியாக வருகின்றன. நமுத்ததையும், திரி எரிந்து வெடிக்காமல் நின்றதையும் ஒரு வாளித் தண்ணீரில் முழுக அமுக்கி ஒரு நாள் முழுக்க ஊற விடுங்கள். வெடிக்காமல் நின்றதை அரை மணி நேரம் கழித்துத்தான் நெருங்க வேண்டும், அதுவும் முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டு. ஊறிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். மணலைக் கொட்டி உறிஞ்ச விட்டு, எல்லாவற்றையும் பட்டாசுக் குப்பைச் சாக்கோடு சேருங்கள். உலர்ந்த வெடியைக் குப்பையில் போட்டால் அமுக்கும் லாரியில் தீப்பிடிக்கலாம். நன்றாக இருப்பதைக் கார்த்திகைக்கு வைப்பதானால், அடுப்படிக்கும் மின்பெட்டிக்கும் தொலைவில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

இப்ப ஒதுக்கின பழைய துணி, பாய், பிளாஸ்டிக் எல்லாத்தையும் போகிக்கு எரிக்க எடுத்து வெச்சிருக்கோம். சரிதானே?

பாதிதான் சரி. எடுத்து வைத்தது நல்லது, எரிப்பதுதான் வேண்டாம். பிளாஸ்டிக், டயர், ரெக்ஸின், பாலியஸ்டர் துணி எரிந்தால் நச்சுப் புகை. போகி விடியலில் பனி மூட்டம் கீழே அமுக்குவதால் அந்தப் புகை மேலே போகாமல் தெருவிலேயே நிற்கும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வோர் ஆண்டும் இதை எரிக்க வேண்டாம் என்று அறிவிக்கிறது. போகியை ஒட்டிப் பல உள்ளாட்சிகளில் பழைய பொருள்களைத் தனியாக வாங்கிக்கொள்கிறார்கள். அதுவரை உலர்ந்த இடத்தில் மூட்டையாக வையுங்கள். பழுதான சீரியல் விளக்கும் பேட்டரியும் அந்த மூட்டைக்குள் போக வேண்டாம், அவற்றை மின்கழிவு வாங்கும் இடத்தில் தனியே கொடுங்கள். உடுத்தும் நிலையில் உள்ள துணியைத் துவைத்து, பட்டன் தைத்து, இப்போதே கொடுத்துவிடலாம். அதற்குப் போகி வரை காத்திருக்க வேண்டியதில்லை. பருத்திக் கிழிசலை மிதியடிக்கும் அடுப்படித் துடைப்புக்கும் வெட்டி வையுங்கள். கோரைப் பாய் ஒன்றை மரபுக்காக எரிப்பதானால், சுற்றி உள்ள பிளாஸ்டிக் கரையை அறுத்து எடுத்துவிட்டு எரியுங்கள்.